அலறிய என்ஜின், நகராத படகு

அத்தியாயம் 6

“செத்த மாட்டுக்குப் புதுப் பல்லு கட்டி வெச்சிகிறானுங்க மேடம்” என்றான் யாசின்.

செங்கொடி குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தப் பல்லையே, என்ஜினில் மின்னிய புரொப்பல்லரையே, பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருவொற்றியூரில் வெள்ளத்துரையின் கன்டெய்னர் யார்டு. மத்தியான வெயிலில் சுற்றியிருந்த இரும்பெல்லாம் அனல் கக்கியது. நாலு மரக்கட்டைகளின் மேல் ‘ப்ளூ ஏஞ்சல்’ கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சிநேகிதர்களை ஏற்றிக்கொண்டு கடலில் சீறுவதற்கென்றே வெள்ளத்துரை வாங்கிய உல்லாசப் படகு. இப்போது பேரில் மட்டும்தான் தேவதை. வலது விலாவில் ஆள் நுழைகிற ஓட்டை. முன்கண்ணாடியைக் காணோம். எண்ணூர் முகத்துவாரத்துப் பாறைகளில் அலை தூக்கித் தூக்கி அடித்ததில் இவ்வளவு மிஞ்சியதே பெரிது.

படகை ஓட்டிய ஆண்ட்ரூ மிஞ்சவில்லை. ஆறு பேர் ஏறும் படகில் அன்றைக்கு ஒன்பது பேர். மிதவைச் சட்டை ஆறு. டிரைவருக்கு எதற்குச் சட்டை என்று யாருக்கும் தோன்றவில்லை. மற்ற எட்டுப் பேரையும் மீனவர்கள் ஃபைபர் படகில் வந்து தூக்கினார்கள். ஆண்ட்ரூவையும் தூக்கினார்கள், ஒரு மணி நேரம் கழித்து.

அன்றிரவே வெள்ளத்துரை இங்கே இழுத்து வந்து, மறுநாள் போலீஸ் கைப்பற்றிய படகு இது. ஸ்டேஷனில் இடமில்லையாம். சொந்தக்காரன் யார்டிலேயே ஒரு கயிற்றைச் சுற்றி அரக்கு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். செங்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் எவன் வீட்டுச் சைக்கிளாவது கேஸில் மாட்டினால் இப்படி அவன் வாசலிலேயே விட்டுவைப்பார்களா? இன்சூரன்ஸ் கம்பெனியில் இரண்டு வருஷம் வேலை பார்த்து, அதிகாரி சொன்ன பொய்யில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுந்து வந்து, ராயபுரத்தில் ஒரு மாடி அறையில் துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டியவள் அவள். வாடகையைவிடக் கோபம் அதிகம்.

பத்தடி தள்ளி ஜூடி நின்றிருந்தாள். இருபத்தாறு வயது. ஆண்ட்ரூ அவள் புருஷன். ஆண்ட்ரூவின் சாவுக்குக் காரணம் என்று புழல் சிறையில் அடைத்து வைத்திருக்கும் மெக்கானிக் ஸ்டானிஸ்லாஸ் அவள் அப்பா. ஒரே வாரத்தில் ஒரு பெண்ணுக்கு இதற்கு மேல் என்ன நடந்துவிட முடியும் என்று செங்கொடி நினைத்தாள்.

தப்பான நினைப்பு.

“எனக்கு ஒரே ஒரு தபா வெளக்கிடு மேடம். இந்த பதினேழு இன்னா, இருவத்தொண்ணு இன்னா? லாட்டரி நம்பர் மாரி எல்லாரும் சொல்லிகினு கீறாங்க” என்றான் யாசின். பத்து வருஷம் ஷேர் ஆட்டோ ஓட்டியவன். இப்போதும் ஆட்டோ அவனுடையதுதான். துப்பறிவது அவனுக்கு சைடு வேலை. வாய் மட்டும் முழுநேரம்.

ஜூடிதான் பதில் சொன்னாள். நாலு நாளில் அவள் குரல் நொய்யரிசிபோல் உடைந்திருந்தது.

“புரொப்பல்லர் ஒரு சுத்து சுத்துனா போட்டு எத்தினி இஞ்ச் முன்னால போவணும்னு ஒரு கணக்கு கீது அண்ணா. பதினேழுன்னா பதினேழு இஞ்ச். இருவத்தொண்ணுன்னா இருவத்தொண்ணு.”

“அப்ப பெருசுதான நல்லது?”

“ஆளு இல்லாம ஓட்னா நல்லது. பிச்சிகினு போவும். ஆளுங்கள ஏத்துனா?”

யாசின் ஒரு நொடி யோசித்தான். “பன்னெண்டு பேர ஏத்திகினு டாப் கியர்ல பேசின் பிரிட்ஜ் மேல ஏறுற மாரியா?”

“அதேதான். இஞ்சின் முக்கும். போட்டு தண்ணிய வுட்டு மேல எழும்பாது.”

“இத்தக்கூட காலேஜ் போயி படிக்கணுமா? என்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

“நீங்கதான் பாய் கேட்டீங்க” என்றாள் செங்கொடி.

வெள்ளத்துரைக்குப் பிடித்த எண் இருபத்தொன்று. சிநேகிதர்கள் வாயைப் பிளக்க வேண்டும். அவனே வெளியூரில் சொல்லி ஒரு புரொப்பல்லரை வரவழைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். ஸ்டானிஸ்லாஸ் அதை மாட்ட மாட்டேன் என்று படகுக்குள்ளிருந்த பெட்டியிலேயே போட்டுவிட்டார். எந்தப் படகு வந்தாலும் அவர் வேகத்தைப் பற்றிக் கேட்க மாட்டாராம். முதல் கேள்வி, எத்தனை பேர் ஏறுவாங்க? ஆறு என்றான் வெள்ளத்துரை. ஆறு பேர் கனத்துக்குக் காசிமேட்டு ஐஸ் கட்டிகளைப் படகில் ஏற்றி, கடலில் விட்டு, முழுசாக முறுக்கிப் பார்த்து, பதினேழுதான் இதற்கு என்று மாட்டினார். இதெல்லாம் ஸ்டானிஸ்லாஸ் தரப்பு.

போலீஸ் தரப்பு ஒரு வரிதான். விபத்துக்கு மறுநாள் அவர்கள் வந்து பார்த்தபோது படகில் மாட்டியிருந்தது இருபத்தொன்று. வெள்ளத்துரை கையை விரித்தான்: “எனக்கென்ன சார் தெரியும், மெக்கானிக் மாட்டினது.” ஆபத்து என்று தெரிந்தே மாட்டினான் என்று எழுதி, ஸ்டேஷன் ஜாமீன் கிடைக்காத பிரிவில் ஸ்டானிஸ்லாஸைத் தூக்கிப் போட்டார்கள். நாளைக் காலை பத்தரை மணிக்கு ஜாமீன் மனு. அதற்குள் கையில் ஏதாவது வேண்டும்.

ஆனால் ஜூடி செங்கொடியிடம் வந்தது ஜாமீனுக்காக இல்லை. முந்தாநாள் மாடி ஏறி வந்து, உட்காரக்கூட இல்லாமல் சொன்னாள்: “எம் புருஷன் செத்தது எங்கப்பா கையால இல்லன்னு எனக்குத் தெரியணும் மேடம். கோர்ட்டுக்குத் தெரியறது அப்புறம்.”

“அந்த வீடியோவை இன்னொரு தடவை காட்டு ஜூடி.”

ஜூடி போனை நீட்டினாள். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். காசிமேட்டுத் துறைமுகம். ‘ப்ளூ ஏஞ்சல்’ முழு உயிரோடு நுரையைக் கிழித்துக்கொண்டு போகிறது. ஸ்டீயரிங்கில் ஆண்ட்ரூ, கூலிங் கிளாஸ், பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு. என்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் மீட்டரில் முள் ஐயாயிரத்து அறுநூறில் நிற்கிறது. முழுசாக முறுக்கினால் ஐயாயிரத்துக்குக் குறையக் கூடாது, ஆறாயிரத்தைத் தாண்டக் கூடாது என்பது அந்த என்ஜினுக்கு விதி. நடுவில் சரியாக உட்கார்ந்திருந்தது முள். இருபத்தொன்றை வைத்துக்கொண்டு இத்தனை ஐஸோடு அந்த முள் இந்த இடத்துக்கு வரவே வராது.

“இது மூணு வாரத்துக்கு முன்னாடி எடுத்தது. நடுவுல மாத்தினான்னு போலீஸ் சொல்லுவான்” என்றாள் செங்கொடி. “அதனால இதை விடு. பாய், இங்க வாங்க. என்ன தெரியுது?”

என்ஜினின் அடியில், புரொப்பல்லருக்குக் கீழே, மீன் வால்போல் ஒரு அலுமினியத் தகடு நீண்டிருக்க வேண்டும். தரை தட்டினால் முதலில் அடி வாங்குவதற்கென்றே வைத்த தகடு. அது பாதியில் ஒடிந்து போயிருந்தது. அதற்கு ஒரு சாண் மேலே மூன்று இறக்கைகளும் கறுப்புப் பெயின்டில் ஒரு கீறல் இல்லாமல் மின்னிக்கொண்டிருந்தன.

“கீழ் வீடு இடிஞ்சி போச்சி, மேல் வீட்டுல கோலம்கூட அழியல” என்றான் யாசின்.

“இதுவும் அலுமினியம்தான். பாறையில பட்டா அப்பளம் மாதிரி மடங்கணும். ரெண்டு மணி நேரம் வேணாம், ரெண்டு நிமிஷம் அந்தப் பாறையில உரசியிருந்தாப் போதும். இது விபத்து நடந்தப்போ படகுல இல்ல. அப்புறமா மாட்டினது.” பையிலிருந்து வெள்ளத்துரையின் வாக்குமூல நகலை எடுத்தாள். “இன்னொண்ணு. இதை அவனே சொல்லியிருக்கான். ‘என்ஜின் பயங்கரமாக அலறியது, படகு நகரவே இல்லை.’ இருபத்தொண்ணு மாட்டியிருந்தா என்ஜின் என்ன பண்ணும்?”

“முக்கும்” என்றாள் ஜூடி மெதுவாக. “அலறாது.”

“அலறாது!”

ஜூடி முகத்தில் நாலு நாளில் முதல் தடவையாக ஏதோ அசைந்தது. அதைப் பார்த்ததில் செங்கொடிக்கு உடம்பெல்லாம் சூடேறியது. அந்தச் சூட்டில் ஒரு கேள்வியைக் கேட்க மறந்துபோனாள். அலறியது என்றால் ஏன் அலறியது?

பிறகு அதற்காக ரொம்ப வருத்தப்பட்டாள்.

யார்டு வாட்ச்மேன் சுப்புராஜ் யாசின் வாங்கிவந்த பிரியாணிப் பொட்டலத்தின் கடைசி எலும்பில் இருந்தார். வயது அறுபது இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் கேட்ட கேள்விக்கெல்லாம் நியாயமாகப் பதில் சொல்கிற மனிதர்.

“திங்கக்கெழம போலீஸ் எப்ப வந்தாங்க நைனா?” என்றான் யாசின்.

“பன்னெண்டு மணிக்கு மேல.”

“அதுக்கு முன்ன?”

“மெக்கானிக்கு வந்தாரு. காலீல ஆறு, ஆறரை இருக்கும். மொதலாளி அனுப்ச்சாருன்னாரு. உள்ள வுட்டேன். அரை மணி நேரம் டொக்கு டொக்குனு தட்டிகினு இருந்தாரு. போவசொல்லோ கோணில இன்னாத்தியோ சுத்தி தோள்ல போட்டுகினு போனாரு.”

செங்கொடியும் யாசினும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்தால் சுப்புராஜ் உஷாராகிவிடுவார்.

“ஆளு எப்படி இருந்தாரு?”

“கர்ச்சீப் கட்டிகினு இருந்தாரு கண்ணு. இந்த சாம்பல்ல கர்ச்சீப் இல்லாம எவன் வர்றான்? கண்ணுதான் தெரிஞ்சிது. செவசெவன்னு. அதுவும் இந்த ஊர்ல எவனுக்குத்தான் செவப்பா இல்ல?”

அவர் சொன்னதில் தப்பில்லை. மின் நிலையச் சாம்பலும் நிலக்கரித் தூசியும் தின்று வளர்ந்த பக்கம் இது. செங்கொடியின் அம்மாவுக்கே வருஷம் முந்நூறு நாள் கண் சிவப்புதான்.

வெளியே வந்ததும் யாசின் ஆட்டோவை உதைத்தான். “வெள்ளத்துரை ஆள அனுப்பி மாத்தியிருக்கான். தங்கமான மனுசன். பதினேழக் கழட்டி இருவத்தொண்ண மாட்டிட்டா பழி ஜூடி அப்பா தலைல. வேல முடிஞ்சிது.”

“கழட்டினது எங்க போயிருக்கும்? அது கெடைச்சா நாளைக்கு வெள்ளத்துரையை கூண்டுல ஏத்தலாம்.”

“கடல்ல போட்டிருப்பான்.”

“கடல்ல போடறவன் கோணியில சுத்தி ரோட்டுப் பக்கம் ஏன் தூக்கிட்டுப் போறான்? பின்னாடியே கடல் இருக்கே.”

யாசின் ஹாரனை ஒரு தடவை சும்மாவே அடித்தான். யோசிக்கிறான் என்று அர்த்தம். “எண்ணூர்லேர்ந்து பாரிஸ் வரைக்கும் அலுமினியம் எங்க செத்தாலும் காரியம் ஒரே எடத்துலதான் மேடம். தண்டையார்பேட்டை பக்ருதீன் பாய். மத்த காயலாங்கடக்காரன் வாங்கி வெப்பான். அவருதான் சொந்தமா உருக்குறவரு. எங்க மச்சானுக்கு சம்பந்தி வேற.”

“உங்க மச்சானுக்கு எத்தனை சம்பந்தி பாய்?”

“கேஸுக்கு ஏத்த மாரி.”

ஜூடியும் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். வீட்டில் இறக்கிவிடட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டினாள். “வூட்ல இன்னா கீது? அந்தாளு சட்டைங்கதான் தொங்கினு கீது.”

எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல் ரயில் மாதிரி நின்றிருந்தன. அவற்றுக்கும் கடல் சுவருக்கும் நடுவில் கிடைத்த சந்தில் யாசின் ஆட்டோவை நுழைத்தான். வழியெல்லாம் ஜூடி பேசினாள். தானாகவே, நிறுத்தாமல். ஆண்ட்ரூவுக்கு அந்த வேலை எவ்வளவு பிடித்தது, அப்பாவும் அவனும் எப்படி எப்போதும் என்ஜின் பற்றியே பேசிச் சாவடிப்பார்கள், சாப்பாட்டுத் தட்டைக்கூடப் புரொப்பல்லர் மாதிரி சுற்றிக் காட்டுவார்கள். நாளைக்கு அப்பா வெளியே வந்ததும் கல்லறைக்குக் கூட்டிப் போக வேண்டும். அடக்கத்தன்று கடைசி நேரத்தில் வந்தவர் குழியருகே சரியாக நிற்கக்கூட இல்லை, பாவம்.

செங்கொடி கேட்டுக்கொண்டு வந்தாள். ஜெயிக்கப் போகிறோம் என்ற நினைப்பு கொஞ்சம் போதையாகத்தான் இருந்தது.

பக்ருதீனின் பட்டறை ஒரு பழைய கிடங்கின் பின்பக்கம். குழிக்குள் உலை. பழைய ஜன்னல் சட்டம், ஓட்டை குண்டான், ஃபேன் இறக்கை எல்லாம் மலைபோல். ஒரு ஓரத்தில் மண் அச்சில் வார்த்து எடுத்த இட்லித் தட்டுகள் அடுக்கடுக்காக ஆறிக்கொண்டிருந்தன. பக்ருதீன் வெள்ளைத் தாடியும் கைவைத்த பனியனுமாகத் தராசுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“புரொப்பல்லரா? இங்க அதெல்லாம் வராதும்மா.”

“பாய், நாங்க போலீஸ் இல்ல” என்றான் யாசின். “போலீஸா இருந்தா பிரியாணி நீங்க வாங்கித் தரணும், நாங்க வாங்கித் தர்றமா?”

“எங்க பிரியாணி?”

“வாட்ச்மேன் துன்னுட்டாரு. உங்குளுக்கு அடுத்த தபா.”

பக்ருதீன் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை. பிறகு ஜூடியைப் பார்த்தார். அவள் யார் என்று கேட்கவில்லை. ஆனால் குரல் இறங்கிவிட்டது.

“திங்கக்கெழம காலைல ஒண்ணு வந்துச்சு. மூணு எறக்க. ஒண்ணு பாதி இல்ல, ரெண்டு மடங்கிப்போயி. கறுப்பு.”

செங்கொடி ஒரு அடி முன்னால் வந்தாள். “எங்க பாய் அது?”

பக்ருதீன் இட்லித் தட்டு அடுக்கைக் கையால் காட்டினார். “இதுல எதுலன்னு நீங்கதாம்மா கண்டுபுடிக்கணும்.”

உலைக்குக் காற்றூதும் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. செங்கொடி அந்தத் தட்டுகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் நாலு குழி. இந்நேரம் பாதித் தட்டு மூலக்கடை பக்கத்துப் பாத்திரக்கடைக்குப் போயிருக்கும். நாளைக் காலை யார் வீட்டிலோ அதில் இட்லி வேகும். பத்தரைக்கு நீதிபதி முன்னால் எதைத் தூக்கிக் காட்டுவது?

“ஒண்ணுமே மிச்சமில்லையா?”

“அலுமினியம் இல்ல. நடுவுல இருக்குமே ரப்பர் புஷ்ஷு, பித்தளைக் கொழாயோட, அத்த உலைல போட மாட்டோம். ரப்பர் பொகையும், பித்தளை கலந்தா தட்டு வெடிக்கும். அடிச்சி வெளிய எடுத்துருவோம்.” அவர் எழுந்து போய் ஒரு டின்னைக் கிளறி, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு உருளையைக் கொண்டுவந்தார். “அந்தாளு இத்தயும் போட்டு எரின்னாரு. பித்தளைய யாராச்சும் எரிப்பாங்களா? சரின்னுட்டு எடுத்து வெச்சிட்டேன்.”

செங்கொடி அதை வாங்கவில்லை. “எரிக்கச் சொன்னாரா?”

“வந்த ஆளே ஒரு மாரிதான். காசு வேணாம்னாரு. என் கண்ணு முன்னால உருக்குன்னாரு. அப்பத்தான் உலைய மூட்டியிருக்கேன், மத்தியானம் ஆவும்னேன். பரவால்ல, நிக்கறேன்னாரு. முழுசா உருகித் தண்ணியாப் போற வரைக்கும் அதோ அங்க நின்னாரு. அழுதுகினே இருந்தாரு. இத்தினி வருசமா கடை போட்டுகிறேன், பழைய சாமானுக்கு எவனும் அழுது நான் பாத்ததில்ல.”

வெள்ளத்துரையின் மானேஜர் படத்தைப் போனில் எடுத்து நீட்டினாள் செங்கொடி. பக்ருதீன் இல்லை என்று தலையை ஆட்டினார். அவன் கார் டிரைவர் படம். அதுவும் இல்லை. வெள்ளத்துரையே? “சே சே. இவரு சட்டகூட கசங்காது, இவரு எங்க அழறது?”

“பாய், ஒரு நிமிசம்.” ஜூடி தன் போனை எடுத்தாள். காசிமேட்டு வீடியோ. வீடியோ எடுத்த அன்றைக்குத் துறைமுகத்தில் வெள்ளத்துரையின் ஆட்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள், அதில் யாராவது இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. செங்கொடிக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது.

பக்ருதீன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நுரை, மீட்டர், ஆண்ட்ரூவின் சிரிப்பு. அவர் விரல் அதையெல்லாம் தாண்டிப் போய் படகின் பின்பக்கம் நின்றது.

“இதோ. ஐஸ் பக்கத்துல நிக்கிறாரே. இவருதான்.”

ஐஸ் கட்டிகளின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, மீட்டரைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார் ஸ்டானிஸ்லாஸ்.

யாசின் எட்டிப் பார்த்தான். இன்னொரு தடவை எட்டிப் பார்த்தான்.

ஜூடி போனை மெதுவாக உள்ளே வைத்தாள். பக்ருதீன் கையிலிருந்து அந்த உருளையை வாங்கினாள். நடுவில் பித்தளைக் குழல், சுற்றிலும் ரப்பர். ரப்பரின் வெளிப்பக்கம் கண்ணாடிபோல் வழவழத்துக் கருகியிருந்தது. வெட்டிய ஓரத்தில் வெள்ளை நூல் எட்டிப் பார்த்தது.

“லாரி டயர்” என்றாள் ஜூடி.

“என்னது?”

“கம்பெனி புஷ்ஷு இல்ல இது. புஷ்ஷு போச்சுன்னா காசிமேட்டுல யாரும் புதுசு வாங்க மாட்டாங்க. எங்கப்பா டயர வெட்டி, கடைஞ்சி, சோப்பு தடவி ஜாக்கில வெச்சி அழுத்தி ஏத்துவாரு. பாதி போட்டு அதுலதான் ஓடுது. வருசக்கணக்கா ஓடும்.” நிறுத்தினாள். “அதெல்லாம் ஒம்போது, பத்து குதிர இஞ்சின். இது நூத்திப் பதினஞ்சு.”

செங்கொடிக்குக் கேட்க மறந்த கேள்வி இப்போது தானாக வந்து நின்றது. என்ஜின் ஏன் அலறியது?

“கிளட்ச் பிளேட்டு தேஞ்ச ஆட்டோ” என்றான் யாசின், யாரையும் பார்க்காமல். “இஞ்சின் கத்தும். வண்டி நின்ன எடத்துலயே நிக்கும்.”

தண்டையும் புரொப்பல்லரையும் சேர்த்துப் பிடித்திருந்த ரப்பர் வழுக்கிவிட்டது. தண்டு சுற்றியது, புரொப்பல்லர் சுற்றவில்லை. முகத்துவாரத்தில் அலைக்கு முகம் கொடுத்து நிற்க வேண்டிய படகு, பிடிமானம் போய்ப் பக்கவாட்டில் திரும்பிப் பாறைக்குப் போனது. பதினேழா இருபத்தொன்றா என்பதில் ஸ்டானிஸ்லாஸ் பிசகவே இல்லை. ஐஸ் ஏற்றி, முள் பார்த்து, கச்சிதமாகத் தேர்ந்தெடுத்தார். அதன் நடுவில் தன் கையால் செய்த ஒரு துண்டு டயரை வைத்தார்.

“ரெண்டு வாரம் முன்ன மணல் தட்டி புஷ்ஷு போச்சி” என்றாள் ஜூடி. “கம்பெனி புஷ்ஷு வர பத்து நாளாவும்னு எங்கப்பா சொன்னாரு. ஞாயித்துக்கெழம போட்டு வேணும், இல்லன்னா வேற டிரைவர பாத்துக்கறேன்னான் வெள்ளத்துரை. எம் புருஷன்தான் எங்கப்பாகிட்ட கெஞ்சிச்சி. ‘மாமா, உங்க கைல ஆவாததா’ன்னு. நான் பக்கத்துலதான் ஒக்காந்து கீரை ஆய்ஞ்சிகினு இருந்தேன்.”

“ஆறு பேரோட போயிருந்தா தாங்கியிருக்குமா?” என்று கேட்டாள் செங்கொடி. கேட்டவுடனேயே எதற்குக் கேட்டோம் என்று இருந்தது.

“யாருக்குத் தெரியும்?”

யாருக்கும் தெரியாது. இனிமேல் தெரியவும் வழியில்லை. அது இட்லித் தட்டாகிவிட்டது.

மிச்சத்தை யாரும் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை. திங்கட்கிழமை விடியற்காலை ஸ்டானிஸ்லாஸ் யார்டுக்குப் போகிறார். தன் புரொப்பல்லரைக் கழற்றுகிறார். பெட்டியிலிருந்த இருபத்தொன்றை மாட்டுகிறார். அது வெள்ளத்துரை வாங்கியது, பில் அவன் பேரில். அதை மாட்டி வைத்தால் கேள்வி அவனிடம் போகும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். நாற்பது வருஷம் இந்தக் கரையில் வாழ்ந்த மனிதர், போலீஸ் வந்து முதலாளியைக் கேள்வி கேட்கும் என்று நம்பியிருக்கிறார்! செங்கொடிக்கு அந்த முட்டாள்தனத்தின் மேல் வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவரைத் திட்ட முடியவில்லை. திட்டாமலும் இருக்க முடியவில்லை. ஒன்பது பேரை ஏற்றியவன், ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றவன், ஆறு சட்டை வைத்திருந்தவன் இந்தக் கதையில் எந்தப் பக்கம் திருப்பினாலும் வீட்டில் ஏசி போட்டுத் தூங்குகிறான்.

“பூ வாங்கியாறேன்னு போனாரு” என்றாள் ஜூடி. “திங்கக்கெழம. எல்லாரும் வந்துட்டாங்க, ஃபாதர் வந்துட்டாரு, இவரக் காணோம். ரெண்டு மணி வரைக்கும் பாத்தோம். அப்புறம் பொட்டிய மூடிட்டோம். கடைசியா ஒரு தபா மொகத்தப் பாக்கலியேன்னு நான் அவருக்காக அழுதேன் மேடம்.”

செங்கொடியின் போன் அடித்தது. வக்கீல் ரூபினா. கல்லூரியில் ஒரே பெஞ்சு.

“ஏதாவது சிக்குச்சா?”

செங்கொடி ஜூடியைப் பார்த்தாள். வாழ்க்கையில் ஒரு ரிப்போர்ட்டில்கூடப் பொய் எழுதாதவள், ஒரு நிமிஷம் பொய்யைத் தேடினாள். உருகிப்போச்சு, ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லலாம். பக்ருதீன் பேச மாட்டார். ஸ்டானிஸ்லாஸ் அந்தப் பெரிய பிரிவிலேயே உள்ளே கிடப்பார். ஆனால் ஜூடிக்குத் தெரிந்துவிட்டதே. தெரிந்ததை எந்த உலையில் போடுவது?

ஜூடியே கையை நீட்டி அந்த உருளையைச் செங்கொடியின் உள்ளங்கையில் வைத்தாள்.

“சொல்லுங்க மேடம்.”

சொன்னாள். நாலே வரி. மறுமுனையில் ரூபினா மூச்சை இழுத்துவிட்டது கேட்டது.

“அடியே, இது போதும்டி! இருபத்தொண்ணு அவர் மாட்டி ஓட்டலன்னா, தெரிஞ்சே செஞ்சாருன்னு சொல்ல ஒண்ணும் இல்ல. வெறும் கவனக்குறைவு. தடயத்தை மறைச்சதுக்கு ஒண்ணு சேர்த்துப் போடுவான், பாத்துக்கலாம். நாளைக்கு ஜாமீன் நிச்சயம். அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு, சாயந்தரம் அப்பா வீட்டுக்கு வந்துடுவாரு!”

ஸ்பீக்கர் போடாமலேயே எல்லோருக்கும் கேட்டது. அவ்வளவு சந்தோஷமாகக் கத்தினாள்.

ஜூடி துப்பட்டாவால் கையைத் துடைத்தாள். கரி போகவில்லை. “எங்கப்பாவ வெளிய கொண்டாந்துடுங்க மேடம். அங்க கெடந்து சாவ வேணாம்.” வாசல் வரை போய்த் திரும்பினாள். “எங்கூட்டுக்கு மட்டும் வர வேணாம்னு சொல்லிடுங்க. என்னால சொல்ல முடியாது.”

யாசின் சாவியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான். “ஜூடிம்மா, நான் வுட்டுர்றேன், ஏறு.” அவள் காதில் வாங்காமல் நடந்தாள். பஸ் நிறுத்தம் ரோட்டுக்கு அந்தப் பக்கம். நடுவில் கன்டெய்னர் லாரிகள், ஒன்றின் வாலில் ஒன்று ஒட்டிக்கொண்டு ஊர்ந்துகொண்டிருந்தன. நுழைய ஒரு முழம் இடைவெளி இல்லை.

செங்கொடி போய் அவள் பக்கத்தில் நின்றாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாய் வரை வந்தது. ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லாத வாய். போனில் ரூபினா இன்னும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள், வாட்ச்மேன் பேர் என்ன, இனிஷியல் என்ன என்று.

“இது எப்ப நிக்கும் மேடம்?” என்று கேட்டாள் ஜூடி.

லாரிகளைக் கேட்கிறாள் என்று நினைத்து, செங்கொடி வரிசை வந்த திசையில் எட்டிப் பார்த்தாள். முடிவு கண்ணுக்குத் தெரியவில்லை.

“தெரியலம்மா” என்றாள்.